ஏழு பேர் ஏற ஒரு வண்டி: பழைய இன்னோவா, கிறிஸ்டா, ஹைகிராஸ் எல்லாம் பார்த்த பிறகு

எங்கள் வீட்டில் ஏழு பேர். அப்பச்சிக்கு (என் அப்பா) 79 வயது, ஆத்தாவுக்கு (அம்மா) 74. நான், என் மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், எட்டாவது படிக்கும் மகன். அப்புறம் என் தங்கை. மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் பள்ளத்தூரில் எங்களோடுதான் இருக்கிறாள். இத்தனை பேருக்கும் பதினோரு வருஷமாக ஒரே ஒரு சின்ன கார். ஐந்து பேர் காரில், இரண்டு பேர் பஸ்ஸில், அதுவும் முடியாவிட்டால் வாடகை வண்டி என்று காலத்தை ஓட்டினோம்.

ஒரு நாள் பங்காளிகள் கூடி முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புக்குக் கிளம்பும்போது ஆத்தா முகப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, "நான் வரலை தம்பி, முழங்கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்றார். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் காரில் இடம் இல்லை என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று இலை முன்னால் உட்கார்ந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரமே ஏழு பேர் ஏறும் வண்டி தேட ஆரம்பித்தேன்.

நாலு மாதம் தேடினேன். புதுசு மூன்று, பழசு எட்டு, ஆக பதினோரு வண்டி ஓட்டிப் பார்த்தேன். பணம் 15 லட்சத்துக்குள், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து. எங்கள் ஓட்டம் இதுதான்: தினமும் பள்ளத்தூரிலிருந்து காரைக்குடியில் இருக்கும் கடைக்கு நான் போய் வருவது. மாதம் ஒருமுறை மதுரை, அப்பச்சியின் கண்ணுக்கு. வைரவன்பட்டி எங்கள் கோயில், அங்கே போனால் பிள்ளையார்பட்டியும் உண்டு. மாப்பிள்ளை வரும்போது திருச்சி விமான நிலையம். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை சென்னை. தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகிறவர்களுக்குப் பின்னால் வண்டி. ஏழு பேரும் சேர்ந்து போவது வருஷத்தில் முப்பது நாள் இருக்கும். அந்த முப்பது நாளுக்காகத்தான் இந்த வண்டி என்பதில் ஆரம்பத்திலிருந்தே எனக்குக் குழப்பம் இல்லை.

முதலில் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். ஒரு ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்டபோது, "நீங்களும் வீட்டம்மாவும் வாங்க சார், ஒரு நாலு கிலோமீட்டர் போயிட்டு வரலாம்" என்றார்கள். ஏழு பேரும் வருவோம் என்றதும் மேனேஜரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. அப்புறம் ஒவ்வோர் இடத்திலும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: ஏழு பேரும் ஏறுவோம், பின்னால் இரண்டு சூட்கேஸும் ஒரு தூக்கும் இருக்கும், அப்படி ஓட்டக் கொடுத்தால் வருகிறேன். மற்ற இடங்களில் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள். இரண்டு பேரோடு ஓட்டினால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். ஏழு பேர் ஏறி, ஏசி போட்டு, திருமயம் தாண்டி ஒரு லாரியை முந்தும்போதுதான் வண்டியின் குணம் தெரியும்.

அடுத்தது ஆத்தா ஏறும் விதம். எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவனித்தது இதைத்தான். வலது முழங்கால் மடங்காது, அதனால் இடது காலை முதலில் வைத்துத்தான் ஏறுவார். வாசல் முழங்கால் உயரத்துக்கு மேலே போனால் மேல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கிறது. இறங்குவது இன்னும் கஷ்டம். சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து, தரையைத் தேடிக் காலைக் கீழே விடுவார். அந்த இரண்டு விநாடி அவர் முகத்தைப் பார்த்தால் போதும், வண்டி சரியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மாருதி எர்டிகா இந்தச் சோதனையில் முதல் மார்க் வாங்கியது. தாழ்வான வாசல், ஆத்தா யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார். 2012-இல் வந்த வண்டி, 2018 கடைசியில் முழுக்க மாற்றினார்கள், 2022-இல் புது எஞ்சினும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும் கொடுத்தார்கள். 1.5 லிட்டர் பெட்ரோல், சுமார் 103 குதிரைசக்தி. நாலைந்து பேருக்கு இதைவிடச் சிக்கனமான குடும்ப வண்டி கிடையாது. ஆனால் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் பின்னால் மிஞ்சும் இடம் 209 லிட்டர்தான். இரண்டு பை, ஒரு தூக்கு, அத்தோடு சரி. சிஎன்ஜி எடுத்தால் அதிலும் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும். நான் ஓட்டிய 2022 மாடலில் கூரை ஏசி நடு வரிசைக்கு மேலே இருந்தது. சித்திரை வெயிலில் மூன்றாம் வரிசைக்குக் காற்று போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும் வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வேன். டொயோட்டா ரூமியன் என்று விற்பதும் இதே வண்டிதான்.

கியா கேரன்ஸை வாங்கிவிடலாம் என்றே ஒரு வாரம் நினைத்திருந்தேன். 2022-இல் வந்தது. கீழ் வேரியன்ட்டிலிருந்தே ஆறு காற்றுப்பை. மேல் வேரியன்ட்டில் ஒரு பட்டனைத் தட்டினால் நடு சீட் தானாக மடிந்து மூன்றாம் வரிசைக்கு வழி விடுகிறது. மகளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வண்டியை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 3 ஸ்டார். எனக்குத் தேவையான டீசல், தேவையான வேரியன்ட் என்று பார்த்துக்கொண்டே போனால் ஆன்ரோடு விலை என் வரம்பைத் தாண்டியது. அதற்குக் காரணம் வரி.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுசா பழசா என்ற கணக்கே இங்கேதான் மாறுகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது காருக்கு வாழ்நாள் வரி கூடிவிட்டது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 15 லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 2,70,000. இது திரும்ப வராத பணம். நம் மாநில நம்பரில் ஓடும் பழைய வண்டியில் முதல் சொந்தக்காரர் இந்த வரியை ஏற்கெனவே கட்டிவிட்டார். டெல்லி நம்பர் வண்டிகள் குறைந்த விலைக்கு வருவதைப் பார்த்து நானும் மயங்கினேன். அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை போட்டிருந்தார்கள், அதனால்தான் தெற்கே அனுப்பினார்கள். ஆனால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபடி வரி கட்டி, நம்பர் மாற்றி முடிக்கும்போது அந்த லாபம் கரைந்துவிடும். உள்ளூர் நம்பர், ஒரே சொந்தக்காரர், அதுவே நிம்மதி.

இனி இன்னோவா. மூன்று தலைமுறையும் ஓட்டிப் பார்த்தேன்.

குவாலிஸை நிறுத்திவிட்டு 2005-இல் டொயோட்டா கொண்டுவந்தது முதல் இன்னோவா. 2.5 லிட்டர் டீசல், 102 குதிரைசக்தி, ஐந்து கியர். 2016 வரை இதே எஞ்சின்தான். இடையிடையே முகத்தையும் உள்அலங்காரத்தையும் மட்டும் மாற்றினார்கள். நம் பக்கத்து டாக்ஸிக்காரர்களிடம் மூன்று நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் இன்றைக்கும் தினமும் மதுரைக்கும் திருச்சிக்கும் போய் வருகின்றன. தேவகோட்டையில் ஒரு 2012 ஜி மாடல் பார்த்தேன். 2,40,000 ஓடியிருந்தது, சாவியைத் திருப்பியதும் சுணங்காமல் ஸ்டார்ட் ஆனது. விலையும் என் பட்ஜெட்டில் பாதிதான். இருந்தும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஒன்று, அந்தக் காலத்துக் கீழ் வேரியன்ட்டுகளில் காற்றுப்பை கிடையாது. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் சென்னை போகும்போது அது என் மனசை உறுத்திக்கொண்டே இருக்கும். இரண்டு, பதினைந்து வருஷம் முடிந்தால் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2012 வண்டிக்கு அது 2027. மூன்று, இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட். அதை மாற்றிய ரசீது அவரிடம் இல்லை. பெல்ட் அறுந்தால் எஞ்சின் மேல்பாகமே போய்விடும். பழைய இன்னோவா எடுப்பவர்கள் வேறு எதைக் கேட்காவிட்டாலும் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள்; இல்லையென்றால் வாங்கிய மறுநாளே மாற்றிவிடுங்கள்.

கிறிஸ்டா 2016 மே மாதம் வந்தது. எஞ்சின் புதுசு, பெல்ட்டுக்குப் பதில் செயின். 2.4 லிட்டர் மேனுவல் 150 குதிரைசக்தி, 2.8 லிட்டர் ஆட்டோமேட்டிக் 174. கீழ் வேரியன்ட்டிலும் காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது 2.8 நின்றது, 2.4-லேயே ஆட்டோமேட்டிக் கொடுத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் முகம் மாறியது. 2023-இல் மறுபடி 2.4 மேனுவல் மட்டும் விற்பனைக்கு வந்தது.

இதில் எந்த வருஷம் எடுப்பது? பிஎஸ்-6 டீசலில் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள, நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். தினமும் குட்டி ஓட்டமாகவே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். நம் ஊரில் கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறவர்களுக்கு 2017 முதல் 2019 வரை பழைய பிஎஸ்-4 விதிப்படி வந்த மேனுவல்தான் தொந்தரவில்லாதது என்று என் மெக்கானிக் சொன்னான். காரைக்குடியில் பதினைந்து வருஷமாக எனக்கு வண்டி பார்க்கிற பையன். "அண்ணே, 2.8 இழுவை பிரமாதம், ஆனா உங்க ஓட்டத்துக்கு 2.4 போதும். ஆக்டிங் டிரைவர் யார் வந்தாலும் கண்ணை மூடிட்டு ஓட்டுவான்" என்றான். ஆக்டிங் டிரைவர் விஷயம் எனக்கு முக்கியம். சென்னை போய்த் திரும்பும்போது நான் முழுக்க ஓட்டுவதில்லை.

ஹைகிராஸ் 2022 நவம்பரில் அறிமுகமாகி, 2023-இலிருந்து கைக்கு வந்தது. பெயர்தான் இன்னோவா; அடியோடு வேறு வண்டி. பழையவை இரண்டும் லாரி மாதிரி சாசிஸ் மேல் உடம்பை வைத்துக் கட்டியவை, இழுவை பின் சக்கரத்தில். இது ஒரே கூடாகக் கட்டிய கார், இழுவை முன் சக்கரத்தில். டீசலே கிடையாது. 2 லிட்டர் பெட்ரோல், அல்லது அதோடு மின்மோட்டார் சேர்ந்த ஹைபிரிட்; ஹைபிரிட்டுக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 23.24, சாதா பெட்ரோலுக்கு 16.13. சாசிஸ் இல்லாததால் தளம் தாழ்ந்திருக்கிறது. ஆத்தா எர்டிகா அளவுக்கு இல்லாவிட்டாலும் சிரமப்படாமல் ஏறினார். மூன்றாம் வரிசையில் காலை நீட்ட இடம் இருக்கிறது. ஹைபிரிட்டில் கிளம்பும்போது சத்தமே வராது, அப்பச்சி, "வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி.

மனசாட்சிப்படி சொல்கிறேன், பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இன்றைக்குச் சந்தையில் இதுதான் முதல் வண்டி. வந்தபோதே ஷோரூம் விலை 18.30 லட்சத்தில் ஆரம்பித்து 28.97 லட்சம் வரை. வரியைச் சேர்த்தால் என் கைக்கு எட்டாது. பழசாக வந்தவையும் புது விலையை ஒட்டியே நின்றன. பணம் இருப்பவர்கள் ஹைபிரிட்டை எடுங்கள், காரைக்குடிக்குள்ளேயே அதிகம் ஓட்டுகிறவர்கள் முக்கியமாக. நின்று நின்று போகும் ஓட்டத்தில்தான் ஹைபிரிட் சம்பாதித்துக் கொடுக்கும்.

ஆக என் பணத்துக்கு, பிஎஸ்-4 கிறிஸ்டா, 2.4 மேனுவல், நடுவில் தனித்தனி சீட் உள்ள ஏழு சீட்டர். எட்டு சீட்டரில் நடுவில் பெஞ்ச் வருகிறது. பிள்ளைகள் பின்னால் போக ஒவ்வொரு தடவையும் சீட்டை மடக்க வேண்டும், அப்போது அங்கே உட்கார்ந்திருக்கும் ஆத்தா இறங்கி நிற்க வேண்டும். தனி சீட் என்றால் நடுவில் உள்ள சந்து வழியாகப் பிள்ளைகள் போய்விடுவார்கள். ஆத்தா ஏறி உட்கார்ந்தால் ஊர் வந்த பிறகு இறங்கினால் போதும்.

என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு நல்ல வண்டி கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அதில் ஒரு தடவை ஏமாறப் பார்த்தேன்.

வெளியூர்த் தரகர் ஒருவர் 2018 மாடல் கிறிஸ்டாவைக் காட்டினார். வெள்ளை நிறம், பாலிஷ் போட்டு மின்னியது. "செட்டியாரே, டாக்டர் ஓட்டின வண்டி, 46,000தான் ஓடியிருக்கு, பூ மாதிரி இருக்கு, டோக்கன் அட்வான்ஸ் போட்டுட்டுப் போங்க, சாயங்காலம் ஒரு பார்ட்டி வருது" என்றார். மீட்டரிலும் 46,000தான். எனக்கும் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. மெக்கானிக் பையன்தான் என் கையைத் தொட்டு நிறுத்தினான்.

அவன் பார்த்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். முதலில் குனிந்து டயரைப் பார்த்தான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். நாலு டயரிலும் 3121 என்று இருந்தது, அதாவது 2021-இன் 31-ஆவது வாரம். 2018 வண்டி, 46,000 ஓடியது, அதற்குள் நாலு டயரையும் மாற்றி, அந்த டயரும் முக்கால்வாசி தேய்ந்திருக்கிறது. ஸ்டெப்னியை இறக்கச் சொன்னான். அதில் 2018 எண், அதுவும் மொட்டை. அப்புறம் கதவைத் திறந்து கிளட்ச் பெடலைப் பார்த்தான். ரப்பரின் கோடுகள் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. டிரைவர் சீட்டின் வலது விளிம்பு, ஏறி இறங்கும்போது உரசும் இடம், அமுங்கிப் போயிருந்தது. "அண்ணே, 46,000 ஓடின கால் இல்ல இது" என்றான். என்னை ஓரமாக அழைத்துப் போய் நம்பரைக் குறித்துக்கொண்டு, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் தெரிந்தவருக்கு போன் செய்தான். பதினைந்து நிமிஷத்தில் பதில் வந்தது. கடைசியாகப் பதிவான சர்வீஸில் வண்டி 1,71,000 ஓடியிருந்தது. அதற்கும் முந்தைய பதிவில் மஞ்சள் போர்டு. வாடகை வண்டியை ஓன் போர்டாக மாற்றியிருக்கிறார்கள்.

1,71,000 ஓடியது குற்றமில்லை. கிறிஸ்டாவுக்கு அது பெரிய ஓட்டமும் இல்லை. அதை மறைத்ததுதான் குற்றம். மீட்டரில் பொய் சொல்கிறவர் விபத்தையும் மறைப்பார், வெள்ளத்தையும் மறைப்பார். தரகரிடம் ஒன்றும் பேசவில்லை, கிளம்பிவிட்டோம்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அவையெல்லாம் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை ஒரு கோடாக நிற்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் மட்கிய வாடை, இவை இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். நம் ஊர் வண்டிக்கு அடியில் செம்மண் படிந்திருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது காய்ந்த மண், தட்டினால் உதிர்ந்துவிடும்.

கடைசியில் கிடைத்தது கோயம்புத்தூரில். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவரின் வண்டி. 2018 நவம்பர், ஜிஎக்ஸ் மேனுவல், 79,000 ஓடியது, ஒரே சொந்தக்காரர். அவர் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து டேபிள் மேல் வைத்தார். முதல் சர்வீஸிலிருந்து கடைசி சர்வீஸ் வரை ஒரு பில் விடாமல் தேதிவாரியாகக் குத்தி வைத்திருந்தார். இடது பின் கதவில் ஒரு கோடு. "கேட்ல உரசினேன், டிங்கரிங் பண்ணலை, அப்படியே விட்டுட்டேன்" என்று நாம் கேட்கும் முன்பே சொன்னார். அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் எனக்கு வண்டி மேல் முழு நம்பிக்கை வந்தது. 14,40,000-க்கு முடிந்தது. வங்கிக் கடனை அடைத்த கடிதமும், 29, 30 படிவங்களில் கையெழுத்தும் அன்றே வாங்கிக்கொண்டு, அதே வாரம் இன்சூரன்ஸையும் என் பெயருக்கு மாற்றினேன்.

ஆத்தாவின் முழங்கால்? அந்தச் சோதனையில் கிறிஸ்டா பின்தங்கித்தான் போனது. வாசல் உயரம். அதற்கு வழி வீட்டிலேயே கிடைத்தது. கானாடுகாத்தானில் எங்களுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர், இடித்த வீடுகளின் பர்மா தேக்கு உத்திரங்களை வாங்கி வைத்திருப்பார். அதில் ஒரு துண்டை எடுத்து, ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஆறு அங்குல உயரத்தில் ஒரு படி செய்து கொடுத்தார். நாலு காலுக்கும் அடியில் பழைய லாரி டியூபை வெட்டி ஆணி அடித்திருக்கிறார், தார் ரோட்டிலும் செம்மண்ணிலும் வழுக்காது. ஓரத்தில் துளை போட்டு ஒரு கயிறு. ஆத்தா படியில் இடது காலை வைத்து, மேல் கைப்பிடியைப் பிடித்து ஏறி உட்கார்ந்ததும், மகன் கயிற்றைப் பிடித்து இழுத்து உள்ளே வைத்துவிடுவான். வாசலோரம் கம்பெனி ஃபுட் ஸ்டெப் மாட்டலாம் என்றார்கள், பார்த்தோம். அது வண்டியை ஒட்டியே இருப்பதால் கால் வைக்க அகலம் போதவில்லை. தனிப் படிதான் நல்லது. வயதானவர்களை வைத்துக்கொண்டு உயரமான வண்டி வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று வீட்டுக்கு அந்த ஆசாரி செய்து கொடுத்துவிட்டார்.

வாங்கிப் பதினாலு மாதம், 17,000 கிலோமீட்டர். டேங்கை நிரப்பி, மறுபடி நிரப்பும்போது கணக்குப் பார்ப்பேன். காரைக்குடி ஓட்டத்தில் லிட்டருக்கு 11.5 கிலோமீட்டர், சென்னை ரோட்டில் 14. நாலு டயரையும் வாங்கியதுமே மாற்றினேன். தேய்மானம் பரவாயில்லை, ஆனால் ஐந்து வருஷம் தாண்டியிருந்தது. முன் சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி, அவ்வளவுதான் செலவு. கிளட்ச் கனமாகத்தான் இருக்கும், ஊருக்குள் ஒரு மணி நேரம் நெரிசலில் ஓட்டினால் இடது கால் சொல்லும். நான் ஒருவன் மட்டும் ஓட்டிப் போகும்போது பின்பக்கம் தூக்கிப் போடும், சாசிஸ் வண்டியின் சுபாவம் அது. ஏழு பேர் ஏறியதும் அப்படியே படிந்து, ரயில் மாதிரி ஓடும். கூரை ஏசி மூன்றாம் வரிசை வரை தனித்தனியாக வருகிறது. வைகாசியில் சென்னை போனபோது பின்னால் இருந்த மகள் போர்வை கேட்டாள்.

அந்தச் சென்னைப் பயணத்தில்தான் ஏழு பேரும் முதல்முறையாக முழுசாகப் போனோம். முன்னால் அப்பச்சி. நடுவில் ஆத்தாவும் தங்கையும். பின்னால் என் மனைவி, மகள், மகன். அவர்களுக்குப் பின்னால் இரண்டு சூட்கேஸ் நிற்க வைத்து, மேலே மணகோலமும் தேன்குழலும் இருந்த எவர்சில்வர் சம்படம். சாப்பிட நிறுத்தியபோது ஆத்தா படியில் இறங்கி, கையை உதறிவிட்டு, எனக்கு முன்னால் ஹோட்டலுக்குள் நடந்து போனார்.

குறை என்று ஒன்று உண்டு. பின் வரிசையில் மூன்று பேர் என்பது கணக்குக்குத்தான். இப்போது மகன் நடுவில் உட்காருகிறான், மதுரை வரை சரி, சென்னைக்கு நெருக்கம். போன மாதம் கடை நிலைப்படியில் அவன் உயரத்தைக் கோடு போட்டபோது ஐந்து அடி நாலு அங்குலம். இன்னும் ஒரு வருஷத்தில் மகள் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள், அதுவரைக்கும் அவனுக்குச் சம்படத்தை மடியில் கொடுத்துச் சமாளிக்கிறோம்.